அயல்நாட்டு மாணவரும் நம் வீட்டுச் சோறும்



தம் பெயர் எந்த அழைப்பிதழிலும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போன ஒரு தோட்டத்துப் பள்ளி ஆசிரியரின் சேமிப்பில் இந்த அறக்கட்டளை நடக்கிறது. ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடக்க வேண்டும், அது மலாக்காவின் புக்கிட் ரம்பாயிலேயே நடக்க வேண்டும், நகரத்து மண்டபங்களுக்குப் போய்விடக்கூடாது என்பது அவர் விருப்பம். அதனால்தான் இங்கே திருச்சபை மக்களும் இருக்கிறீர்கள், கோயில் நிர்வாகத்தினரும் இருக்கிறீர்கள், தொழிற்பேட்டையில் வேலை முடித்துச் சீருடையோடு நேரே வந்தவர்களும் இருக்கிறீர்கள். எனக்குத் தந்த தலைப்பு கிறிஸ்தவர்களின் கடமையைப் பற்றியது. ஆனால் இது கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய இரகசியம் இல்லை. மற்றவர்கள் முன்னிலையில் பேச முடியாத எந்தக் கிறிஸ்தவக் கடமையும் சந்தேகத்துக்குரியது என்றே நினைக்கிறேன்.

நம் மாநிலத்துக்குப் படிக்க வரும் அயல்நாட்டுப் பிள்ளைகளைத் திருச்சபைகள் எப்படி வரவேற்க வேண்டும் என்பதுதான் கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரவேற்கலாம், வரவேற்க வேண்டும். ஆனால் போடுகிற சோற்றுக்கு விலை வைக்கக்கூடாது. பணமாக மட்டுமல்ல, ஆலயத்துக்கு வருகிற வருகையாகவும் அந்த விலையைக் கேட்கக்கூடாது, நன்றியாகவும் கேட்கக்கூடாது. இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நம் மலாக்காவிலேயே இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. நம் தமிழ்க் கிறிஸ்தவர்களில் இரண்டு பேர் நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதற்கு மிகத் தெளிவான பதிலைத் தந்திருக்கிறார்கள்.

இன்றைய நிலையிலிருந்து தொடங்குகிறேன். 1996-இல் யூனிவர்சிட்டி டெலிகோம் என்று தொடங்கிப் பிறகு மல்டிமீடியா பல்கலைக்கழகம் ஆன நிறுவனத்தின் வளாகம் புக்கிட் பெருவாங்கில் இருக்கிறது. டுரியான் துங்கலில் 2000-இல் கல்லூரியாகத் தொடங்கி 2007-இல் பல்கலைக்கழகமாகப் பெயர் மாறிய யூ.டி.இ.எம். இருக்கிறது. 1997-இல் மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி என்று தொடங்கிய நிறுவனம் புக்கிட் பாருவில் இருக்கிறது. இவை வந்த பிறகு மலாக்காவின் பேருந்து நிலையத்திலும் அங்காடிக் கடைகளிலும் நாம் முன்பு பார்க்காத முகங்களைப் பார்க்கிறோம். ஏமன், நைஜீரியா, வங்காளதேசம், இந்தோனேசியா, இலங்கை என்று பல நாட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு ஆண்டுதோறும் மாணவர் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்காகக் கடப்பிதழைக் கொடுத்துவிட்டு அது திரும்பி வரும்வரை கையில் ஒரு கடிதத்தோடு நடமாட வேண்டும். வேலை செய்து சம்பாதிக்கலாமா என்றால், நீண்ட விடுமுறைக் காலத்தில், வாரத்துக்கு 20 மணி நேரம், உணவகம், பெட்ரோல் நிலையம் போன்ற சில இடங்களில் மட்டும், அதுவும் அனுமதி வாங்கிய பிறகு. வீடு எடுக்க வேண்டுமென்றால் இரண்டு மாத வைப்புத்தொகை, ஒரு மாத முன்வாடகை, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் இன்னோர் அரை மாதத் தொகை. ஊரிலிருந்து அப்பா நிலத்தை அடகு வைத்து அனுப்பிய பணத்தில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே கரைந்துவிடும். பாடம் கடினமாக இருப்பது வேறு கதை.

இப்போது 1818-க்குப் போகலாம்.

லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மில்ன் 1815-இல் மலாக்காவுக்கு வந்தார். சீனாவுக்குள் நுழைய அன்று வழியில்லை. அதனால் சீனாவுக்கு வெளியே ஒரு கல்லூரி வேண்டும் என்று அவரும் ராபர்ட் மாரிசனும் திட்டமிட்டார்கள். 1818 நவம்பர் 11-ஆம் நாள் மலாக்காவில் ஆங்கிலோ-சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சீனப் பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கவும் ஐரோப்பியர் சீனம் படிக்கவும் ஒரே கூரை. 1843-இல் அது ஹாங்காங்குக்கு இடம் மாறும்வரை மலாக்காவில்தான் நடந்தது. ஆக, பல நாட்டு மாணவர்களைக் கிறிஸ்தவர்கள் தங்க வைத்துப் படிக்க வைப்பது நம் மாநிலத்துக்குப் புதிய வழக்கம் இல்லை.

அந்தக் கல்லூரியின் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. படிக்க வரும் சீன மாணவர் கிறிஸ்தவ மதத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை, கிறிஸ்தவ வழிபாட்டுக்கு வரும்படி வற்புறுத்தப்படவும் மாட்டார். இதை எழுதியவர்கள் நற்செய்தி சொல்வதையே தம் வாழ்க்கையாகக் கொண்டவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். மில்ன் தம் மனைவியை இங்கே இழந்தார், 1822-இல் 37 வயதில் தாமும் இங்கேயே இறந்தார். இவ்வளவு கொடுத்த மனிதர்கள் வற்புறுத்தலுக்கு இடமில்லை என்று விதி எழுதினார்கள். கல்வியைத் தூண்டிலாக்கினால் கல்வியும் கெடும், நற்செய்தியும் கெடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மில்னின் வீட்டுக்கு வந்துபோன ஓர் இளைஞரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்ஷி அப்துல்லா. மலாய் இலக்கியத்தின் நவீன கால முன்னோடி என்று பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்தவர். 1796-இல் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய முன்னோர் ஏமனிலிருந்து தமிழகக் கடற்கரைக்கு வந்து, அங்கே தமிழ்ப் பெண்ணை மணந்து, அந்த வழியில் மலாக்காவுக்கு வந்தவர்கள். அவர் தமிழும் படித்தவர். அந்தக் காலத்து மலாக்காவில் வணிகக் கணக்குகளுக்குத் தமிழ் பயன்பட்டதால் அவரைத் தமிழ் படிக்க அனுப்பியிருக்கிறார்கள். நம் பிள்ளைகளிடம் இந்தச் செய்தியை எத்தனை பேர் சொல்கிறோம்?

அப்துல்லா மிஷனரிகளுக்கு மலாய் கற்றுக்கொடுத்தார். அவர்களிடம் ஆங்கிலம் கற்றார், அச்சுக்கோக்கக் கற்றார். கிறிஸ்தவ வேத நூலின் பகுதிகளை மலாயில் மொழிபெயர்ப்பதற்கும் உதவினார். வீட்டில் எதிர்ப்பு வந்தது. பையனை மதம் மாற்றிவிடுவார்களோ என்று ஊர் பேசியது. பாதிரி அப்துல்லா என்று கேலிப்பெயரும் வந்தது. அவர் மதம் மாறவில்லை. 1854-இல் ஹஜ் பயணம் போன இடத்தில் முஸ்லிமாகவே காலமானார். 1849-இல் அச்சான தம் ஹிக்காயாட் அப்துல்லாவில் மில்னைப் பற்றி எழுதும் இடங்களில் ஒரு நண்பரைப் பற்றி எழுதும் மதிப்பு தெரிகிறது. இந்த உறவைத் திருச்சபையின் தோல்வி என்று கணக்கு எழுதுபவர்கள் இருக்கலாம். நான் அப்படி எழுத மாட்டேன். ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு பேர் ஒருவர் மொழியை ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள், கடைசிவரை ஒருவரையொருவர் மதித்தார்கள். இதற்குமேல் அந்த மேசை எதைச் சாதித்திருக்க வேண்டும்?

சட்டத்தையும் இந்த இடத்தில் பேசிவிடுவோம், ஏனென்றால் பேசாமல் விட்டால் பயமும் வதந்தியும்தான் வளரும். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. அதே பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே மற்றச் சமயக் கோட்பாடுகளைப் பரப்புவதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்கிறது. மலாக்காவில் அப்படியொரு சட்டம் 1988-இல் இயற்றப்பட்டது. நம் மாநிலத்துக்குப் படிக்க வருபவர்களில் கணிசமானோர் முஸ்லிம்கள். 2011 ஆகஸ்ட் 3-ஆம் நாள் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மெதடிஸ்ட் திருச்சபை வளாகத்தில் நடந்த விருந்துக்குள் சிலாங்கூர் சமயத் துறை அதிகாரிகள் நுழைந்ததும், நாடு முழுவதும் வாதம் எழுந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. ஆனால் அதன் பிறகு பல திருச்சபைகள் முஸ்லிம் மாணவர் பக்கமே திரும்பிப் பார்க்கத் தயங்கின.

அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அதை ஏற்க முடியவில்லை. சட்டம் தடுப்பது சமயப் பரப்புதலை. காய்ச்சலில் கிடக்கும் ஏமன் நாட்டுப் பையனை மருத்துவமனைக்குக் காரில் கூட்டிப் போவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நோன்பு மாதத்தில் அவன் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பேரீச்சம்பழம் வாங்கி வைப்பதையும் தடுக்கவில்லை. சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. அந்தக் கோட்டைச் சுற்றி வளைத்து எப்படித் தப்பலாம் என்று யோசிப்பவன் தன் விருந்தாளியையே ஏமாற்றுகிறான். அழைக்கும்போது ஒரு காரணம், மனத்தில் வேறொரு காரணம் என்று வைத்திருப்பது பொய். என் விசுவாசத்தைப் பற்றி யாராவது கேட்டால் நான் மறைக்கப் போவதில்லை, நான் யார் என்பது என் வீட்டுச் சுவரிலுள்ள சிலுவையிலேயே தெரியும். அவனைக் கேட்க வைப்பதற்காகச் சோறு போடுவதுதான் தவறு. இதைச் சட்டத்துக்குப் பயந்து சொல்லவில்லை. 1988-க்கு முன்பும் இது தவறுதான், சட்டமே இல்லாத நாட்டிலும் தவறுதான்.

இனி நம்மவர்கள் இருவர்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றி, 1907-இல் டோக்கியோவில் நடந்த உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தின் மாநாட்டுக்குப் போனவர். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அவர் பேராயர் ஆவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், 1910-இல், எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பேர் வந்த கூட்டத்தில் ஆசியர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அங்கே 35 வயது அசரியா எழுந்து, மேலைநாட்டு மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி சொன்னார். பிறகு, நீங்கள் எங்களுக்கு எல்லாவற்றையும் தந்தீர்கள், நட்பைத் தரவில்லை என்று பொருள்படப் பேசினார். ஆதரவாளர் தோரணையில் மேலே இருந்து நீட்டும் கை வேண்டாம், எங்களை நண்பராக நடத்துங்கள் என்று கேட்டார். கூட்டத்தில் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அந்த மாநாட்டில் பேசப்பட்ட எத்தனையோ உரைகளில் இன்றும் உலகம் நினைவில் வைத்திருப்பது இந்தத் தமிழரின் உரையைத்தான்.

அயல்நாட்டு மாணவருக்கு உதவ நினைக்கும் ஒவ்வொரு திருச்சபைக் குழுவும் அசரியாவின் அந்தக் குறையை வாசிக்க வேண்டும். அன்று அதைச் சொன்னது நாம். இன்று வெளிநாட்டுப் பிள்ளைகள் அதையே நம்மைப் பார்த்துச் சொல்ல வாய்ப்பிருக்கிறது. துணி தருகிறோம், அரிசி தருகிறோம், மேடையில் நிற்க வைத்து அறிமுகம் செய்கிறோம், படம் எடுத்து ஆண்டறிக்கையில் போடுகிறோம். அவன் தங்கை பெயர் என்ன என்று கேட்டவர் எத்தனை பேர்?

இன்னொருவர் கே.டி. பால். கனகராயன் திருச்செல்வம் பால், 1876-இல் சேலத்தில் பிறந்தவர். அசரியாவும் இவரும் சேர்ந்துதான் 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். 1916-இல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச் செயலாளர் ஆனார். 1930-இல் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர், மறு ஆண்டே இறந்துவிட்டார். கிராம மறுமலர்ச்சிப் பணிக்காக அவரை நினைவுகூர்வார்கள். நான் இங்கே பேச நினைப்பது 1920-இல் அவர் லண்டனில் செய்த வேலையை.

லண்டனில் அன்று இந்திய மாணவரின் நிலை என்ன? வாடகை வீட்டுக் கதவைத் தட்டினால் தோலின் நிறத்தைப் பார்த்து, அறை இல்லை என்பார்கள். 1909-இல் மதன்லால் திங்கரா என்ற இந்திய மாணவர் பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியை லண்டனில் சுட்டுக் கொன்ற பிறகு, இந்திய மாணவர் என்றாலே அரசாங்கத்துக்குச் சந்தேகம். அடுத்த ஆண்டில் குரோம்வெல் சாலை 21-ஆம் எண் கட்டடத்தில் இந்திய மாணவருக்கென்று ஓர் இல்லம் திறந்தார்கள். அங்கே அறை இருந்தது, உணவு இருந்தது, ஆலோசகர் இருந்தார். ஆனால் தங்களை வேவு பார்க்கத்தான் இந்த வீடு என்று மாணவர்கள் நம்பினார்கள். அதனால் அந்த வீட்டின் உபசரிப்பு அவர்கள் மனத்தைத் தொடவில்லை.

கே.டி. பால் இதைப் பார்த்தார். 1920-இல் இந்திய மாணவர் சங்கமும் விடுதியும் என்ற பெயரில் ஒன்றைத் தொடங்கினார். நடத்தியவர்கள் இந்தியர்கள். நம் ஊர்ச் சாப்பாடு கிடைத்தது. இந்துவும் முஸ்லிமும் பார்சியும் கிறிஸ்தவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து நாட்டின் விடுதலையைப் பற்றி வாதிட்டார்கள். நிறுவனம் கிறிஸ்தவ நிறுவனம்தான், அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் உள்ளே வருகிறவரின் சமயம் எது, அவர் அரசியல் எது என்று கேட்டு எந்த மேலதிகாரிக்கும் அனுப்புவதற்காக அந்த வீடு கட்டப்படவில்லை. காவர் தெருவில் இருந்து, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சைக் கண்டு, 1950-களின் தொடக்கத்தில் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதிய கட்டடம் எழுப்பிக்கொண்டு, இந்திய ஒய்.எம்.சி.ஏ. என்ற பெயரில் இன்றும் அது நடக்கிறது. நம் மலேசியத் தமிழர்களும் லண்டன் போனால் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். அதைத் தொடங்கியவர் ஒரு சேலத்துத் தமிழர் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

குரோம்வெல் சாலை வீட்டையும் பாலின் வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கட்டில் இருந்தது, இரண்டிலும் சோறு இருந்தது. ஒன்றில் மாணவர் கண்காணிக்கப்படும் பொருள். மற்றொன்றில் அவர் வீட்டுக்காரர். நம் திருச்சபைகள் மாணவர் ஊழியம் என்று தொடங்கும் எதுவும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் முடியும். அரசாங்கம் வேவு பார்த்தால்தான் கண்காணிப்பு என்று நினைக்க வேண்டாம். இந்த வாரம் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ஜெபத்துக்குத் தலை குனிந்தார்கள் என்று பதிவேட்டில் எழுதி மாதக் கூட்டத்தில் வாசிப்பதும் கண்காணிப்புதான்.

அமெரிக்காவிலும் இதே காலத்தில் ஒரு வேலை நடந்தது. 1909-இல் நியூயார்க்கில் ஹாரி எட்மண்ட்ஸ் என்ற ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் கொலம்பியா பல்கலைக்கழகப் படிக்கட்டில் ஒரு சீன மாணவருக்குக் காலை வணக்கம் சொன்னார். வந்து மூன்று வாரத்தில் தம்மிடம் பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்று அந்த மாணவர் சொல்லியிருக்கிறார். எட்மண்ட்ஸும் அவர் மனைவியும் ஞாயிறு மாலைகளில் அயல்நாட்டு மாணவரை வீட்டுக்கு அழைத்து உணவு கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த ஞாயிறு உணவு வளர்ந்து, செல்வந்தர் ராக்ஃபெல்லரின் பணத்தோடு 1924-இல் இன்டர்நேஷனல் ஹவுஸ் என்ற பெரிய கட்டடமாக எழுந்தது. அந்தக் கட்டடத்தை நம்மால் எழுப்ப முடியாது. ஞாயிறு உணவை ஏற்பாடு செய்ய யாராலும் முடியும்.

இப்போது கொஞ்சம் கசப்பானது. மலாக்காவின் தமிழர்கள் யார்? 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் இரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதற்குப் பிறகு இந்த மாநிலத்தின் காடுகள் பால்மரக் காடுகளாயின, அவற்றுக்குக் கங்காணிகள் வழியே ஆள் வந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த தாத்தா பாட்டிகள் லயத்தின் முதல் இரவில் அந்நியராகத்தான் படுத்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் போய், நாம் தாமான் குடியிருப்புகளுக்கு வந்தோம். வாடகைக்கு வீடு தேடிய தமிழர் எல்லோருக்கும் ஓர் அனுபவம் உண்டு. தொலைபேசியில் பேசும்வரை வீடு காலியாக இருக்கும், பெயரைச் சொன்னதும் ஆள் வந்துவிட்டதாகச் சொல்வார்கள். இந்தியர்களுக்கு இல்லை என்று விளம்பரத்திலேயே எழுதிய காலமும் உண்டு, இன்னும் முழுதாகப் போகவில்லை.

இதை அனுபவித்த நம்மவரில் சிலர் இன்று இரண்டாவது வீடு வாங்கியிருக்கிறார்கள். ஆப்பிரிக்க மாணவர் வந்து கேட்டால் அவர்கள் சொல்லும் பதில் என்ன? கூச்சல் போடுவார்கள், பணம் தர மாட்டார்கள், அக்கம்பக்கத்தார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நம்மைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தைகள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அந்த மாணவருக்குக் கை கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை அவருக்கு வீட்டுக் கதவை அடைப்பவருடைய உபசரிப்பில் உண்மை கிடையாது. இதை இவ்வளவு கடுமையாகச் சொல்லக் காரணம், வீடு மறுக்கப்படுவது எப்படியிருக்கும் என்று தெரியாதவர்கள் அல்ல நாம்.

எங்கள் உறவில் ஒரு பெண் மருத்துவம் படித்தாள். அந்தப் படிப்பின் முதல் பகுதி கர்நாடகத்து மணிப்பாலில். தாய்நாடு என்று பாட்டி சொன்ன நாட்டுக்குப் போய் இறங்கியவள் அங்கே முழு அந்நியளாக நின்றாள். அவளுக்குக் கன்னடமும் தெரியாது, துளுவும் தெரியாது. அவள் பேசும் தமிழில் பாதி மலாய். பக்கத்துத் தெருவில் ஒரு கொங்கணிக் கத்தோலிக்கக் குடும்பம் அவளைக் கூப்பிட்டது. மீன் குழம்பு, சிவப்பரிசிச் சோறு. அவள் வேறு சபைக்காரி என்று தெரிந்தும் தங்கள் ஆலயத்துக்கு வரச் சொல்லவில்லை. அந்த வீட்டு அம்மாவுக்கு மருந்துச் சீட்டு வாசித்துச் சொல்வதும், சின்னப் பையனுக்கு ஆங்கிலப் பாடம் சொல்லித் தருவதும் இவள் வேலையாயின. பட்டம் வாங்கிய பிறகும் அவள் பேச்சில் கல்லூரியைவிட அந்த வீடுதான் அதிகம் வருகிறது. சாப்பாட்டின் ருசிக்காக அல்ல என்று நினைக்கிறேன். அந்த வீட்டுக்கு அவள் தேவைப்பட்டாள், அதனால்தான்.

இந்தத் தேவைப்படுதல் பெரிய விஷயம். எம்மாவூருக்குப் போன இரண்டு சீடர்கள் வழியில் சந்தித்த அந்நியரை, இருட்டுகிறது, எங்களோடு தங்கும் என்று வற்புறுத்தி அழைத்தார்கள் என்று லூக்கா சுவிசேஷத்தில் வருகிறது. மேசையில் உட்கார்ந்ததும் அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுத்தவர் வீட்டுக்காரர் அல்ல, விருந்தாளி. விருந்தாளி கொடுப்பதை வாங்கிக்கொள்ளத் தெரியாதவன் பாதி உபசரிப்பைத்தான் கற்றவன். மலாக்காத் திருச்சபைகளுக்கு வரும் நைஜீரிய மாணவர்களின் ஜெபத்தைக் கேட்டிருக்கிறீர்களா? நம் ஜெபங்கள் அதன் முன்னால் மனப்பாடமாகத் தோன்றும். அவர்களை நாம் தேற்றப் போவதாக நினைத்துப் போனால், திரும்பி வரும்போது தேற்றப்பட்டவர்கள் நாமாக இருப்போம். வள்ளுவர் விருந்தினரை அனிச்ச மலரைவிட மென்மையானவராகக் கண்டார். வந்தவரின் மனம் எதில் வாடும் என்று கவனிக்க வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரருக்கு. உன் நாட்டில் சாப்பாட்டுக்கே கஷ்டமா என்று கேட்கும் ஒரு கேள்வி போதும், அதற்குப் பிறகு பிரியாணி போட்டாலும் அது இறங்காது.

அயல்நாட்டு மாணவர் ஊழியத்தைப் பற்றி மேலைநாட்டுத் திருச்சபைகளில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு காரணத்தையும் பேச வேண்டும். இந்த மாணவர்கள் நாளைய அமைச்சர்கள், நாளைய தலைவர்கள், இவர்களை இன்றே தொட்டுவிட்டால் ஒரு நாட்டையே தொட்டுவிடலாம் என்பார்கள். அதில் நல்லெண்ணம் உண்டு. ஆனால் எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை. தேர்வில் தோற்று, கட்டணம் கட்ட முடியாமல், தலைவராகாமலே ஊர் திரும்பப் போகிற பையனுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. இதே புக்கிட் ரம்பாய் தொழிற்பேட்டையில் நம்மோடு இயந்திரத்தில் நிற்கும் நேப்பாளத் தொழிலாளிக்கும் இடமில்லை. அவரும் அயல்நாட்டவர்தான், இருபது வயதுதான், அவருக்கும் அம்மா நினைவு வரும். மாணவருக்குத் திறக்கிற கதவை அவருக்கு மூடினால், நாம் செய்தது முதலீடு, விருந்தோம்பல் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? சிலவற்றைச் சொல்கிறேன், எல்லாம் செய்யக்கூடியவை.

நம் நாட்டில் திறந்த இல்ல உபசரிப்பு என்று ஓர் அழகான வழக்கம் இருக்கிறது. கிறிஸ்துமஸ், தீபாவளி, ஹரி ராயா என்றால் வீட்டைத் திறந்து வைக்கிறோம். நல்லதுதான். ஆனால் அன்று அயல்நாட்டு மாணவருக்கு எல்லா வீட்டிலும் அழைப்பு, போய்ச் சேரவே நேரமிருக்காது. அவருக்கு நம் வீடு வேண்டிய நாள் வேறு. ஹரி ராயாவுக்கு எல்லோரும் கம்போங் போய்விடுவார்கள், சீனப் புத்தாண்டுக்குக் கடைகள் அடைத்துவிடும், வளாகத்து உணவகம் பூட்டியிருக்கும். விடுதியில் மீதியிருப்பவர் மெகி மீயில் நாளை ஓட்டுவார். அந்த நாள்களில் தமிழ் வீடுகளில் வழக்கம்போல அடுப்பு எரிகிறது. அந்த விடுமுறைகளை நாம் எடுத்துக்கொள்ளலாம். பண்டிகை உடை வேண்டாம், சிறப்புப் பலகாரம் வேண்டாம். பசியாறிட்டியாப்பா என்று கேட்டு, வீட்டில் இருப்பதைப் போட்டால் போதும்.

என்ன சமைப்பது என்று தாய்மார்கள் கவலைப்படுவார்கள். முஸ்லிம் மாணவருக்கு ஹலால் வேண்டும், இந்திய மாணவரில் சிலர் மாட்டிறைச்சி தொட மாட்டார்கள், சிலர் முட்டையும் சாப்பிட மாட்டார்கள். இதற்குத் தீர்வு நம் கையிலேயே இருக்கிறது. சோறு, சாம்பார், ரசம், இரண்டு கறி, அப்பளம், மோர். வாழை இலையில் போட்டுவிட்டால் பாத்திரத்தைப் பற்றிய தயக்கமும் எழாது. சைவச் சாப்பாட்டுக்கு இவ்வளவு பேரை ஒன்றாக உட்கார வைக்கும் சக்தி இருக்கும்போது, கூட்டத்துக்கு வெளியூர்ப் பீட்சா வரவழைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். தொழுகை நேரம் வந்தால் ஓர் அறையைக் காட்டி, திசையைச் சொல்லிவிட்டு, பேச்சைத் தாழ்த்திக்கொள்வதும் அந்த விருந்தின் பகுதிதான்.

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இந்தப் பிள்ளைகள் வாடகை வீடுகளில் அடைபட்டார்கள். ஊருக்குப் போக விமானம் கிடையாது, பகுதி நேர வேலையும் போயிற்று. அப்போது முன்பே பழக்கமாகியிருந்த குடும்பங்கள் இருந்தவர்கள் தப்பினார்கள். யாரையும் தெரியாதவர்கள் உதவி கேட்கக்கூட யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருந்தார்கள். ஆபத்து வந்த பிறகு குழு அமைத்துத் தேடினால் பாதிப் பேரின் முகவரி கிடைக்காது. சாதாரண நாள்களில் உண்டான அறிமுகம்தான் அந்த மாதங்களில் உதவியது.

கடைசியாக அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம். நிறுவனர் விட்டுச்சென்ற தொகையின் ஆண்டு வட்டியில் சொற்பொழிவுச் செலவு போக மீதி இருக்கிறது என்று அறிகிறேன். அதில் ஒரு சிறு சுழல்நிதி வையுங்கள். மலாக்காவில் படிக்க வரும் அயல்நாட்டு மாணவருக்கு வீட்டு வைப்புத்தொகையை வட்டியில்லாமல் கடனாகக் கொடுங்கள். வீட்டுக்காரரிடம் நாமே பேசி, நாமே உத்தரவாதக் கையெழுத்துப் போடுவோம். முதல் கையெழுத்தை நான் போடுகிறேன். படிப்பு முடிந்து வீட்டைக் காலி செய்யும்போது வைப்புத்தொகை திரும்பி வரும், அது அப்படியே அடுத்த மாணவருக்குப் போகும். சேதத்துக்குக் கழித்துக்கொண்டால் அந்த நட்டத்தை நிதி தாங்கட்டும். பொறுப்பாளர் குழுவில் திருச்சபையிலிருந்து ஒருவர், கோயில் நிர்வாகத்திலிருந்து ஒருவர், ஏற்கெனவே இங்கே படித்துக்கொண்டிருக்கும் அயல்நாட்டு மாணவர் ஒருவர் இருக்கட்டும். மாணவரின் ஓட்டுக்கும் மற்றவர் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு. விண்ணப்பப் படிவத்தில் பெயர், கல்லூரி, கடப்பிதழ் எண், வாடகைத் தொகை, ஊரில் ஒருவரின் தொலைபேசி எண் ஆகியவை போதும். சமயம் என்ற கட்டம் அதில் வேண்டாம்.